மாதவிடாய் நின்ற பின் எலும்பைக் காத்தல்: ஆய்வுச் செய்திகளை வாசித்துக் கிளினிக்கில் பயன்படுத்தும் வழி

யாழ்ப்பாணத்தில் அறுபது வயதை அண்மித்த ஒரு பெண் கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டால், ஒன்றில் வைத்தியசாலையில் பிளாஸ்ரர் போடப்படும், அல்லது முறிவு நெரிவு வைத்தியரிடம் பத்துப் போட்டுக் கட்டப்படும். சில கிழமைகளில் எலும்பு பொருந்திவிட, விடயம் அத்துடன் முடிந்ததாகவே அநேக வீடுகளில் எடுத்துக்கொள்வார்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்ற கேள்வி எழுவதில்லை. ஆனால் மாதவிடாய் நின்ற பின் வரும் ஒஸ்ரியோபொரோசிஸ் என்ற எலும்பு மெலிவு நோயைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: சிறு விழுகையில் ஏற்பட்ட முதல் முறிவே அடுத்த முறிவுக்கான மிக உறுதியான எச்சரிக்கை, அதன் பின்னான முதல் இரண்டு வருடங்களிலேயே ஆபத்து மிகக் கூடுதலாக இருக்கிறது.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பிள்ளைகள் அனுப்பும் கட்டுரைகளும் காணொளிகளும் கைப்பேசியில் நிறைந்திருக்கும் காலத்தில், எது தமக்குப் பொருந்தும், எது பொருந்தாது, எதை வைத்தியரிடம் கேட்பது என்று தெரியாமல் தவிக்கும் பெண்களுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. இது வைத்திய ஆலோசனைக்கு மாற்றாகாது. கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களைப் பயனுள்ளதாக்கவே இது உதவும்.

எலும்பில் என்ன நடக்கிறது

எலும்பு ஒருமுறை கட்டி முடிந்ததும் அப்படியே இருந்துவிடுவதில்லை. பழைய பகுதியை ஒருவகைக் கலங்கள் கரைக்க, வேறொரு வகைக் கலங்கள் அவ்விடத்தில் புதிய எலும்பை இடுகின்றன. கிடுகு வேலியில் உக்கிய கிடுகைக் கழற்றிப் புதியதைக் கட்டுவது போன்ற இந்த வேலையில், கழற்றும் வேகம் கட்டும் வேகத்தை மிஞ்சிவிடாமல் பிடித்து வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன். மாதவிடாய் நிற்கும்போது அது குறைவதால் எலும்பு கரைவது விரைவுபடுகிறது. இந்தத் தொடர்பை அமெரிக்க வைத்தியர் புல்லர் ஆல்பிரைட்டும் அவருடைய குழுவினரும் 1941 ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்கள்.

இழப்பு எப்போது தொடங்குகிறது என்பது பிற்காலத்திலேயே தெளிவாகியது. நடுத்தர வயதுப் பெண்களைப் பல வருடங்களாகத் தொடர்ந்து பரிசோதித்துவரும் ஸ்வான் என்ற அமெரிக்க ஆய்வின்படி, விரைவான இழப்பு கடைசி மாதவிடாய்க்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்னரே தொடங்கி, அதன் பின் இரண்டு வருடம் வரை நீடிக்கிறது. பத்து வருடங்களில் நாரிப் பகுதி முள்ளந்தண்டு இழக்கும் ஏறத்தாழ 10 சதவீத அடர்த்தியில் பெரும்பங்கு அந்த மூன்று வருடங்களிலேயே போய்விடுகிறது. ஆகவே மாதவிடாய் ஒழுங்கு தவறத் தொடங்கும் காலமே எலும்பைப் பற்றிக் கேட்கத் தொடங்க வேண்டிய காலம். நாற்பத்தைந்து வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்களுக்கும், கர்ப்பப்பையுடன் இரு சூலகங்களும் எடுக்கப்பட்டவர்களுக்கும் இது இன்னும் அவசரமானது. “கர்ப்பப்பை எடுத்தாயிற்று” என்று மட்டும் தெரிந்து, சூலகம் எடுக்கப்பட்டதா இல்லையா என்று தெரியாமல் இருக்கும் பெண்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். பழைய சத்திரசிகிச்சைத் துண்டைத் தேடி எடுத்துப் பார்ப்பது நல்லது.

இந்த நோய் முறிவு வரும் வரை வலிப்பதில்லை. முழங்கால் வலியும் விரல் மூட்டு வீக்கமும் மூட்டின் தேய்வைக் காட்டுபவை. அவை இருப்பதால் ஒஸ்ரியோபொரோசிஸ் இருக்கிறது என்றோ, இல்லாததால் எலும்பு உறுதியாக இருக்கிறது என்றோ எண்ணக்கூடாது. முள்ளந்தண்டு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு, முறிவு என்று அறியப்படாமலே போகின்றன. உயரம் இளவயதைவிட நான்கு சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்திருந்தாலோ, முதுகு கூனத் தொடங்கியிருந்தாலோ முள்ளந்தண்டு எக்ஸ்ரே ஒன்றைக் கேட்பது நியாயமானது.

ஓர் ஆய்வுச் செய்தியை வாசிக்கும் முறை

எந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஆய்வில் இருந்த பெண்கள் யார்? அளக்கப்பட்டது எலும்பின் அடர்த்தியா, உண்மையான முறிவா? பயன் எத்தனை பேருக்குக் கிடைத்தது? இம்மூன்றில் இரண்டாவது கேள்வியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். அடர்த்தி கூடினால் முறிவு குறையும் என்று எப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது. நமக்கு வேண்டியதோ முறியாத இடுப்பு.

2025 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளியாகிப் பரவலாகப் பேசப்பட்ட நியூசிலாந்து ஆய்வை இம்முறையில் வாசித்துப் பார்ப்போம். சோலெட்ரோனேட் என்ற மருந்தை நாளத்தின் வழியே தொடக்கத்தில் ஒரு முறையும் ஐந்து வருடத்தின் பின் இன்னொரு முறையும் மட்டும் ஏற்றி, பத்து வருடங்கள் பெண்களைக் கவனித்தார்கள். முள்ளந்தண்டு முறிவு 44 சதவீதம் குறைந்தது என்பதே தலைப்புச் செய்தி.

முதற் கேள்வி: பங்குபற்றிய 1,054 பேரும் 50 முதல் 60 வயது வரையானவர்கள், மாதவிடாய் நின்று அதிக காலம் ஆகாதவர்கள், எலும்பு அடர்த்தி சற்றுக் குறைந்திருந்தும் ஒஸ்ரியோபொரோசிஸ் என்ற எல்லையை எட்டாதவர்கள். எனவே எழுபது வயதில் இடுப்பு முறிந்த ஒரு தாய்க்கு இந்த அட்டவணையை அப்படியே எடுத்துவர முடியாது. அவருக்கு இதைவிடத் தீவிரமான சிகிச்சை தேவை. இரண்டாம் கேள்வி: அளக்கப்பட்டது முறிவுதான், அது நல்லது, ஆனால் எக்ஸ்ரேயில் தெரிந்த முள்ளந்தண்டு முறிவு அது, வலியின்றி வந்தவையும் அதில் அடங்கும். மூன்றாம் கேள்வி: மருந்தற்ற ஊசி பெற்றவர்களில் 11.1 சதவீதத்தினருக்கும், இரு தடவை மருந்து பெற்றவர்களில் 6.3 சதவீதத்தினருக்கும் முறிவு ஏற்பட்டது. நூறு பெண்களுக்கு மருந்து கொடுத்தால் பத்து வருடத்தில் ஏறத்தாழ ஐந்து பேர் முறிவிலிருந்து தப்புகிறார்கள் என்பதே அந்த 44 சதவீதத்தின் பொருள். ஒரே ஒரு தடவை மருந்து பெற்ற குழுவிலும் முறிவு 6.6 சதவீதமாகவே இருந்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. தூர ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து கிளினிக் வரிசையில் நிற்க வேண்டிய பெண்களுக்கு, பல வருடங்களுக்கு ஒரு தடவை போதும் என்ற திசையில் ஆய்வு நகர்வது பெரிய நம்பிக்கை.

சில செய்திகள் இதே கேள்விகளைத் தாங்குவதில்லை. குடலில் வாழும் நல்ல பற்றீரியாக்களை உட்கொண்டால் எலும்பு இழப்புக் குறையும் என்று சுவீடனில் 2018 இல் வயது முதிர்ந்த பெண்களிடம் செய்த சிறிய ஆய்வொன்று காட்டியது. அதே பற்றீரியாவை மாதவிடாய் அண்மையில் நின்ற பெண்களிடம் இரண்டு வருடம் பரிசோதித்தபோது பயன் எதுவும் தெரியவில்லை என்று 2024 இல் அறிவித்தார்கள். முதற் செய்தியை நம்பி விலை கூடிய போத்தல்களை வாங்கியோர் இரண்டாம் செய்தியைக் கண்டிருக்க வாய்ப்புக் குறைவு.

உங்கள் ஆபத்தை மதிப்பிடல்

ஆசியப் பெண்களுக்கென 2001 இல் வெளியிடப்பட்ட ஓர் எளிய கணக்கு உண்டு. கிலோகிராமிலான நிறையிலிருந்து வயதைக் கழித்து, வருவதை 0.2 ஆல் பெருக்க வேண்டும். எழுபது வயதும் 44 கிலோ நிறையும் உள்ளவருக்கு விடை மறை 5.2, மறை 4 இற்குக் கீழே போனால் ஆபத்து உயர்வு என்று கொள்ளப்படும். ஐம்பத்தெட்டு வயதும் 60 கிலோவும் உள்ளவருக்கு விடை 0.4, ஆபத்துக் குறைவு. கிழக்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் பெண்களைக் கொண்டு உருவான கணக்கு என்பதால், யார் முதலில் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று தெரிவதற்கு மட்டுமே இதைப் பயன்படுத்துங்கள்.

இதைவிட விரிவானது, 2008 இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஃப்ராக்ஸ். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இந்தக் கணிப்பானில் இலங்கைக்கென்று தனி மாதிரி இருக்கிறது. நாடுகளின் பட்டியலில் இலங்கையைத் தெரிவுசெய்யாமல் இங்கிலாந்தையோ இந்தியாவையோ தெரிவுசெய்தால் விடை மாறிவிடும். வயது, நிறை, உயரம், முன்னைய முறிவு, தாய் தந்தையரின் இடுப்பு முறிவு, புகைத்தல், மது, ஸ்டீரொய்ட் குளிசை, ரூமற்றொயிட் மூட்டுவாதம் முதலியவற்றைக் கொடுத்தால், அடுத்த பத்து வருடங்களில் முறிவு ஏற்படும் சாத்தியத்தை அது சதவீதத்தில் தரும். அடர்த்தி அளவீடு இல்லாமலும் கணக்கிடலாம். ஆனால் அடிக்கடி விழுவதை அது கேட்பதில்லை. சீனி வருத்தத்தின் ஆபத்தையும் போதியளவு சேர்த்துக்கொள்வதில்லை. இரண்டாம் வகை நீரிழிவில் எலும்பின் அடர்த்தி சரியாகக் காட்டினாலும் முறிவு கூடுதலாக வருகிறது என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் ஃப்ராக்ஸ் தரும் விடையைத் தாழ்வான மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கான் செய்யும் வசதி எங்கே உண்டு என்பதைக் கிளினிக்கிலேயே கேட்டறியுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் வர்ணப் படங்களை விட்டுவிட்டு ரி-ஸ்கோர் என்ற நிரலைப் பாருங்கள். இளம் பெண்களின் சராசரி அடர்த்தியிலிருந்து உங்களுடையது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அது காட்டும். மறை 1 வரை சாதாரணம். மறை 1 இற்கும் மறை 2.5 இற்கும் இடைப்பட்டது குறைவு; மறை 2.5 அல்லது அதற்கும் கீழே ஒஸ்ரியோபொரோசிஸ். உலக சுகாதார நிறுவனம் 1994 இல் வகுத்த எல்லை இது. நாரி, இடுப்பு, தொடையெலும்புக் கழுத்து ஆகியவற்றுள் எது மிகக் குறைவோ அதுவே கணக்கில் வரும். வயது முதிர்ந்தவர்களில் முள்ளந்தண்டுத் தேய்வு நாரி எண்ணைச் செயற்கையாக உயர்த்திக் காட்டும் என்பதால் இடுப்பு எண்ணுக்கே கூடிய மதிப்புக் கொடுக்க வேண்டும். இடுப்பில் இந்த எண்ணுக்கு அளவுகோலாகப் பயன்படுவோர் அமெரிக்காவின் இளம் வெள்ளையினப் பெண்கள். சிறிய உடல்வாகுடைய நமது பெண்களின் எலும்பு, உண்மையில் இருப்பதைவிடச் சற்று மெல்லியதாகத் தோன்றலாம். எண்ணைக் கண்டு கலங்க வேண்டியதில்லை, முறிந்த வரலாறு இருந்தும் எண் நன்றாக இருக்கிறது என்று ஆறுதலடையவும் கூடாது.

மருந்துகள்

ஆய்வுகளின் அண்மைக்காலப் போக்கை ஒரே வரியில் சொல்வதானால், எந்த மருந்து என்ற கேள்வியிலிருந்து எந்த ஒழுங்கில் என்ற கேள்விக்கு நகர்ந்திருக்கிறது எனலாம். எலும்பை வளர்க்கும் மருந்தை முதலில் கொடுத்து, வளர்ந்ததைக் காக்கும் மருந்தைப் பின்னர் கொடுப்பது மிகவும் ஆபத்தான நிலையில் உள்ளவர்களுக்கு நல்லது என்று இப்போது பலர் கருதுகிறார்கள். அத்தகைய வளர்ப்பு மருந்துகளில் ரோமோசோசுமாப் புதியது. தென்னாபிரிக்காவின் சில குடும்பங்களில் அபூர்வமாக மிகத் தடித்த எலும்புடன் பிறந்தவர்களை ஆராய்ந்தபோது, எலும்பு வளர்ச்சியைத் தடுக்கும் ஸ்கிளெரோஸ்டின் என்ற புரதம் அவர்களிடம் இல்லை என்பது தெரியவந்தது. அப்புரதத்தைத் தடுக்கும் மருந்தே இது. அமெரிக்கா 2019 இல் அனுமதித்தது. ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு முறை போடப்படும் இந்த மருந்து, அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்களுக்கு ஏற்றதல்ல.

நமது கிளினிக்குகளில் பெரும்பாலானோரின் மருந்துத் துண்டில் இருக்கப்போவது கிழமைக்கு ஒரு தடவை எடுக்கும் அலென்ட்ரோனேட் 70 மி.கி. குளிசைதான். 1990களிலிருந்து சோதிக்கப்பட்ட, விலை குறைந்த, நம்பத்தக்க மருந்து. ஆனால் எடுக்கும் முறை தவறினால் உடலில் ஏறவே ஏறாது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், நிறைந்த ஒரு கிளாஸ் வெறும் தண்ணீருடன் விழுங்க வேண்டும். தேத்தண்ணி, பால், பிற குளிசைகள், கல்சியம் எல்லாம் குறைந்தது அரை மணித்தியாலத்தின் பின்னரே. அந்த அரை மணித்தியாலமும் படுக்கக் கூடாது, நிமிர்ந்து இருக்கலாம், நடக்கலாம். இல்லாவிட்டால் குளிசை உணவுக்குழாயைப் புண்ணாக்கும். குனிந்து முற்றம் கூட்டுவதையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கிழமையில் ஒரே நாளைத் தெரிந்து நாட்காட்டியில் குறித்துவையுங்கள். வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பவர்களுக்கு வேறொரு நாள் வசதி. விழுங்கச் சிரமம் உள்ளவர்களும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும் முதலிலேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தாடை எலும்புப் பாதிப்பும் தொடையெலும்பின் வழமைக்கு மாறான முறிவும் இவ்வகை மருந்துகளால் வரக்கூடும். அவை அரிதானவை, ஆயினும் பல் பிடுங்க இருப்பின் முன்கூட்டியே சொல்லுங்கள், தொடையில் காரணமற்ற வலி தொடர்ந்தால் காட்டுங்கள். ஐந்து வருடத்தின் பின் சிலருக்கு இடைவெளி விடலாம். அதைத் தாமாகவே தீர்மானிக்கக் கூடாது.

அடுத்தது யாழ்ப்பாணக் குடும்பங்கள் மிகக் கவனமாக வாசிக்க வேண்டியது. டெனோசுமாப் என்ற ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடப்படுகிறது. 2009 இல் வெளியான பெரிய ஆய்வில், மூன்று வருடத்தில் முள்ளந்தண்டு முறிவு 7.2 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் நிறுத்தினால் எலும்பு மிக வேகமாகக் கரைந்து, ஒரே நேரத்தில் பல முள்ளந்தண்டு எலும்புகள் நொறுங்கக்கூடும் என்பது பின்னரே தெரியவந்தது. பிள்ளைகளிடம் விசாவில் போயிருந்த காலத்தில் கனடாவில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பும் அம்மாமாருக்கு, இரண்டாவது ஊசி எங்கே, யார் செலவில் என்பது முதல் ஊசிக்கு முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால், அங்குள்ள வைத்தியரிடம் வேறு மருந்தைக் கேளுங்கள். ஏற்கனவே போட்டாயிற்று என்றால், ஏழு மாதத்தைத் தாண்ட விடாமல் இங்குள்ள வைத்தியரைச் சந்தித்து, தொடரவோ அல்லது சோலெட்ரோனேட் போன்ற மருந்துக்கு மாறவோ ஏற்பாடு செய்யுங்கள். பயணப் பையில் மருந்தின் பெயரும் கடைசி ஊசியின் திகதியும் எழுதிய துண்டு கட்டாயம் இருக்க வேண்டும்.

ஹோர்மோன் சிகிச்சை பற்றிய அச்சம் 2002 இல் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வொன்றிலிருந்து வந்தது. அதில் 16,608 பெண்கள் இருந்தார்கள். இடுப்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தபோதும் மார்பகப் புற்றுநோயும் பாரிசவாதமும் இரத்தக்கட்டியும் கூடின. அப்பெண்களின் சராசரி வயது 63 என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அறுபது வயதுக்குட்பட்ட, மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆகாத, உடல் வெப்பமும் வியர்வையும் தாங்க முடியாத பெண்களுக்கு இன்று இச்சிகிச்சை மீண்டும் பேசத்தக்க ஒரு வழியாகிவிட்டது.

உணவும் போத்தலும்

வெளிநாட்டிலிருந்து வரும் கல்சியம் போத்தல்கள் அன்பின் அடையாளம். ஆனால் முறிவைத் தடுக்கும் வேலையை அவை தனியே செய்யமாட்டா. 25,871 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வொன்றில், நாளொன்றுக்கு 2,000 அலகு விற்றமின் டி எடுத்தவர்களுக்கு முறிவு குறையவில்லை என 2022 இல் அறிவிக்கப்பட்டது. அவர்களிற் பெரும்பாலானோருக்கு விற்றமின் டி குறைபாடே இருக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. உடலை முற்றாக மூடி வெளியே போகிறவர்களும் வீட்டோடு இருக்கும் முதியவர்களும் குறைபாட்டுக்கு மருந்து எடுக்கத்தான் வேண்டும். ஆனால் பெரிய அளவை ஒரேயடியாக எடுப்பது தீங்கு. வருடத்துக்கு ஒருமுறை ஐந்து இலட்சம் அலகு கொடுத்த அவுஸ்திரேலிய ஆய்வில் விழுகையும் முறிவும் கூடின.

உணவு பற்றிய ஆய்வுகளில் நான் அதிகம் நம்புவது 2021 இல் வெளியான இன்னோர் அவுஸ்திரேலிய ஆய்வை. அறுபது முதியோர் இல்லங்களில் பாதியில் பால், தயிர், சீஸ் ஆகியவற்றைக் கூட்டிக் கொடுத்தார்கள். இடுப்பு முறிவு 46 சதவீதம் குறைந்தது. கல்சியத்துடன் புரதமும் சேர்ந்ததே இதில் முக்கியம். சைவ வீடுகளில் விதவை அம்மாக்கள் சோறும் ஒரு கறியுமாகச் சாப்பாட்டைச் சுருக்கிக்கொள்வது எலும்புக்குப் பெரும் கேடு. நூறு கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 350 மி.கி. கல்சியம் இருக்கிறது, ஒரு கிளாஸ் பாலில் ஏறத்தாழ 250. எள்ளு, முருங்கையிலை, முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, பயறு, உழுந்து எல்லாம் நம் சமையலறையில் உள்ளவையே. பெண் பிள்ளை சாமத்தியப்பட்டால் உழுத்தங்களி கிண்டிக் கொடுக்கும் வீடு, அதே அக்கறையை ஐம்பது வயதுத் தாய்க்கும் காட்ட வேண்டும்.

உடற்பயிற்சியும் விழாதிருத்தலும்

நடை இதயத்துக்கு நல்லது. எலும்பை வளர்க்க அது மட்டும் போதாது. அவுஸ்திரேலியாவில் சராசரி 65 வயதுடைய, அடர்த்தி குறைந்த 101 பெண்களில் ஒரு பகுதியினர் பயிற்றுநரின் மேற்பார்வையில் கிழமைக்கு இரு தடவை, அரை மணித்தியாலம் பாரம் தூக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களுடைய முள்ளந்தண்டின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. மேற்பார்வை என்ற சொல்லை விட்டுவிட்டு இதைப் பின்பற்றக் கூடாது. இயன்மருத்துவரிடம் காட்டித் தொடங்குங்கள். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்புதல், குதிக்காலை உயர்த்தி இறக்குதல் என்பவை நல்ல ஆரம்பம். முள்ளந்தண்டு முறிந்தவர்கள் முன்புறம் வளைவதைத் தவிர்க்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவில் அடி அழிப்பதாக நேர்ந்துகொண்டவர்கள், எலும்பின் நிலை தெரியாமல் அதைச் செய்வதைவிட வீதி சுற்றி நடந்து கும்பிடுவது பாதுகாப்பானது.

கிணற்றடிப் பாசியை வாரம் ஒருமுறை உரஞ்சிக் கழுவுங்கள், மலசலகூடத்துக்குப் போகும் வழியில் இரவு விளக்கு இருக்கட்டும், கண்புரையைத் தள்ளிப்போடாதீர்கள், நித்திரைக் குளிசையும் அழுத்தக் குளிசையும் தலைசுற்றைத் தருகின்றனவா என்று கேளுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது கொண்டுசெல்ல வேண்டியவை: கடைசி மாதவிடாய் வந்த வயது, இதுவரை முறிந்த எலும்புகளும் எப்படி விழுந்தார் என்பதும், முறிவு நெரிவு வைத்தியரிடம் கட்டியவையும் உட்பட, தாய் தந்தையரின் இடுப்பு முறிவு, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்த ஸ்டீரொய்ட் குளிசைகள், வெளிநாட்டுப் போத்தல்கள் யாவும். அங்கே கேட்க வேண்டியது, “என் ஆபத்து எவ்வளவு, இந்த மருந்து எத்தனை வருடத்துக்கு, நிறுத்தும்போது அடுத்து என்ன?” என்பதே. பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறொரு வைத்தியர் இருக்கக்கூடும்.